ராடு ஓவனில் வைக்கக்கூடிய சாப்பாடு

எழுபதுகளின் நடுவில் நான் தோஹாவில் இருந்தேன். எனக்கு ராடு ஓவன் வேலை.

வெல்டிங் ராடில் ஈரம் ஏறினால் அது கெட்டுவிடும். ஈர ராடை வைத்துப் பற்றவைத்தால் ஜாயிண்டுக்குள் பொடிப்பொடியாக ஓட்டை விழும். மேலே பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். தெரிந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அதனால் ராடுகளை ஓர் இரும்புப் பெட்டிக்குள் எந்நேரமும் சூடாகவே வைத்திருப்பார்கள். அதுதான் ராடு ஓவன். அதன் சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டு, கேட்கிற வெல்டருக்கு ராடு எடுத்துக் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு நல்ல வேலை. ஒரு தகரக் கண்டெய்னருக்குள் ஓவன், ஓவனுக்குப் பக்கத்தில் நான். வெளியே கோடைக்காலம். உள்ளே அதைவிடக் கோடைக்காலம்.

எங்கள் போர்மேன் ஒரு வெள்ளைக்காரர். வயதானவர். அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர் என்று சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் என் கண்டெய்னருக்கு வந்து, துணியில் சுற்றிய ஒன்றை ஓவனுக்குள் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவார். மத்தியானம் வந்து எடுப்பார். அரை நிலா வடிவத்தில் கையளவு பெரிதாக இருக்கும். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கடித்துத் தின்பார். கை முழுக்கக் கிரீஸ் இருக்கும். கழுவமாட்டார். பிடித்திருந்த ஓரத்தை மட்டும் கடைசியில் பூனைக்குப் போடுவார். கை கழுவாமல் சாப்பிடுகிற வெள்ளைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஓவனுக்குள் ராடு தவிர எதையும் வைக்கக்கூடாது என்று கதவில் ஒரு பலகை தொங்கியது. அதைத் தொங்கவிட்டதும் அவர்தான்.

அந்த வருஷம்தான் என் தங்கை மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். தூத்துக்குடியில் சொந்தமாக வள்ளம் வைத்துக் கடலுக்குப் போனவர். வள்ளத்தையும் வலையையும் விற்றுவிட்டு வந்தார். நான்தான் சொல்லி வரவழைத்தேன். சைட்டில் சாரம் கட்டுகிற வேலை கிடைத்தது. உயரம் அவருக்குப் பயமில்லை. கயிறு கை வந்த விஷயம். அவர் போட்ட முடிச்சு ஒன்றை அவிழ்க்க முடியாமல் போர்மேன் கத்தியால் அறுத்தார். அன்றிலிருந்து போர்மேனுக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

கம்பெனி கேம்ப் நிறைந்துவிட்டதால் நாங்கள் ஊருக்குள் நஜ்மா பகுதியில் ரூம் எடுத்து இருந்தோம். நான், மாப்பிள்ளை, கோவில்பட்டிப் பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒரு தம்பி, மூன்று பேர். சைட் நகரத்துக்குத் தெற்கே வெகுதூரம். விடியும் முன்பே பஸ் வந்துவிடும். அதற்கு முன்னால் சோறு வடித்து, சூடாகவே தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு ஓட வேண்டும். மத்தியானம் மூடியைத் திறந்தால் ஒரு வாடை வரும். நாளாக ஆக அந்த வாடை மூக்குக்குத் தெரியாது. வயிற்றுக்கும் தெரியாமல் போக வேண்டும். என் வயிறு பழகிக்கொண்டது. மாப்பிள்ளையின் வயிறு பழகவில்லை.

கோடை தொடங்கியதும் அவரை இரண்டு தடவை சாரத்திலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். வாந்தி, பேதி, தலைசுற்றல். இரண்டாம் தடவை கம்பெனி டாக்டர் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். மலையாளி. தமிழ் பேசுவார்.

"சோறு சைட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கேட்டியா?"

"சரி சார்."

"இன்னும் ஒரு தடவை இதுபோல வந்தா நான் அன்ஃபிட் எழுதும். மேலேயிருந்து விழுந்தா யாரு பதில் சொல்லும்? கோடை கழிஞ்சு ஒரு செக்கப் உண்டு. அதுவரை பார்க்கும். இல்லேன்னா ஊருக்குப் போகட்டும்."

மாப்பிள்ளை வெளியே வந்து, "ஊருக்குப் போயி எதுல ஏறிக் கடலுக்குப் போறது மச்சான்?" என்றார். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

குப்பூஸ் என்கிற அரபு ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். பத்து மணிக்கே அப்பளமாகக் காய்ந்துவிட்டது. தின்றுவிட்டு ஏறினால் காலில் பலமில்லை என்றார். வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தேன். அது மத்தியானத்துக்குள் கறுத்துக் கூழாகிவிட்டது. சைட்டில் கேன்டீன் இருந்தது. இஞ்சினியர்களுக்கு.

பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. சோறு கெடுவது இளஞ்சூட்டில். நல்ல சூட்டிலேயே இருந்தால் கெடாது. நல்ல சூடு என் பக்கத்திலேயே இருந்தது. போர்மேன் தன் பொட்டலத்தை வைக்க வந்தபோது தூக்குச்சட்டியைக் காட்டினேன்.

"சார், திஸ் ரைஸ். ஓவன் இன்சைட். ஒன் மேன் ஒன்லி."

அவர் பலகையைக் காட்டினார்.

நான் அவர் பொட்டலத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ரைஸ், ஸ்டீம்," என்றார். விரலை ஆட்டி ஆவி மேலே போவதுபோல் காட்டினார். "ஸ்டீம் மாஃபி. கறி மாஃபி." மாஃபி என்றால் அரபியில் இல்லை, கூடாது. பிறகு தன் பொட்டலத்தைப் பிரித்து, ஓரமாக உடைத்து என்னிடம் நீட்டினார். உள்ளே இறைச்சி, உருளைக்கிழங்கு. குழம்பு இல்லை. "பாஸ்டி. நோ ஸ்டீம். திஸ், ஓகே."

அவர் சொன்னது நியாயம்தான். மாவுக்குள் மூடிக் கிடக்கிற சாப்பாடு. ராடுக்கு ஈரம் போகாது. கத்தாரில் ராடு ஓவனுக்குள் போகத் தகுதியான சாப்பாடு அது ஒன்றுதான்.

"டெல் யுவர் மிஸஸ். மேக் திஸ்," என்றார்.

என் மிஸஸ் தூத்துக்குடியில் இருப்பதைச் சொன்னேன். மாப்பிள்ளையின் வயிற்றையும், டாக்டர் சொன்னதையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் இந்தியிலும் சொன்னேன். அவர் மேலே சாரத்தைப் பார்த்தார்.

"ஃப்ரைடே. மை ஹவுஸ்," என்றார்.

வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அவர் சம்சாரம் கதவைத் திறந்தது. பருத்த அம்மா. கையெல்லாம் மாவு. நேராகப் படுக்கை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்நியர் வீட்டுப் படுக்கை அறைக்குள் எப்படிப் போவது? உள்ளே பார்த்தால் போர்மேன் கட்டிலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். முகம் பார்க்கிற மேசையில் பலகை, பலகையில் மாவு.

வீட்டில் ஏசி அந்த அறையில் மட்டும்தான். அடுக்களையில் வைத்தால் வெண்ணெய் உருகி ஓடிவிடுமாம். உருகினால் மாவு கெட்டுவிடுமாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

வெளிநாட்டுக்கு வருவதற்கு முன் நான் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தவன். அதனால் மாவு விஷயத்தில் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. மேடம் மைதாவில் வெண்ணெயும் டால்டாவும் போட்டு விரல் நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்துக் கட்டியது. பிசையவே இல்லை. திட்டுத்திட்டாகக் கிடந்தது. பாவம், வயதாகிவிட்டது, கையில் பலமில்லை என்று நினைத்து நான் வாங்கிப் பிசைந்தேன். நன்றாக அடித்து, இழுத்து, மடக்கி, மறுபடி அடித்தேன். மேசைக் கண்ணாடி ஆடியது.

மேடம் என் கையில் ஒரு தட்டுத் தட்டியது. "நோ! லீவ் இட்!"

போர்மேன் கட்டிலிலிருந்து, "ஹி இஸ் கில்லிங் இட்," என்றார்.

நான் பிசைந்த மாவைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டார்கள். அதில் செய்ததை அன்று நான்தான் தின்றேன். செருப்புத் தோல் மாதிரி இருந்தது. பரோட்டாவுக்கு நல்ல மாவு.

மேடம் மாட்டிறைச்சியைக் கத்தியால் சின்னதாக நறுக்கியது. கொத்தவில்லை. உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவியது. வெங்காயம், உப்பு, மிளகுத்தூள். அடுத்து மிளகாய் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எல்லாவற்றையும் பச்சையாகவே மாவுக்குள் அள்ளி வைத்து மூடியது.

"குக்கிங்?" என்று கேட்டேன்.

மேடம் அடுக்களைப் பக்கம் கையை நீட்டி ஓவனைக் காட்டியது.

"மீட் குக்கிங்?"

மறுபடியும் ஓவனைத்தான் காட்டியது. நான் அதற்குமேல் கேட்கவில்லை. நம்பவும் இல்லை.

ஓரத்தை முறுக்கி மூடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்குச் சோமாசி சுடுவோம். அதே முறுக்குத்தான். மேடம் அன்று என்னைப் பாராட்டியது அதற்கு மட்டும்தான். கடைசியில் முள்கரண்டியால் மூலையில் ஓர் எழுத்துக் குத்தியது. போர்மேன் பேரின் முதல் எழுத்து. அடுத்தவன் எடுத்துத் தின்றுவிடக்கூடாது என்பதற்காக. சுரங்கத்தில் அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் குத்திக் கொடுப்பார்களாம்.

எங்கள் ரூமில் ஓவன் இல்லை. கேக் சுடுகிற வழி எனக்குத் தெரியும். பெரிய அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி அடுப்பில் ஏற்றி, மணல்மேல் தட்டை வைத்து மூடி, மூடிமேல் கங்கு போட வேண்டும். கரி சந்தையில் கிடைத்தது. மணலுக்கு அந்த ஊரில் என்ன குறை? வாசலில் இறங்கி அள்ளினேன். சூடு ஏறியதும் ஒரு நாற்றம் கிளம்பியது. ரூமில் நிற்க முடியவில்லை.

கோவில்பட்டித் தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, வெள்ளக்காரன் இதையா திங்கான்?" என்றான்.

"இன்னும் வைக்கவே இல்லடே. வெறும் மணல்."

"இந்தத் தெருவுல எத்தனை பூனைன்னு பாத்தீங்களா? அதுக எல்லாம் எங்க போவும்?"

மறுநாள் சைட்டிலிருந்து சலித்த மணல் கொண்டுவந்தேன்.

பச்சை இறைச்சியை வைத்து மூடுவது என்று சொன்னதும் இரண்டு பேரும் எதிர்த்தார்கள். தம்பி மாட்டிறைச்சி தின்கிறவனே இல்லை. ஆனாலும் எதிர்த்தான்.

"ஏற்கெனவே வயிறு சரியில்லாத மனுஷன். பச்சைக் கறியைக் குடுத்து நீங்களே அனுப்பிருவீங்க போலிருக்கே."

மாப்பிள்ளை, "வெந்த மாதிரி இருக்கட்டும் மச்சான். கொஞ்சம் மசாலாவும் போட்டுருங்க. அவருக்குத் தெரியவா போவுது?" என்றார்.

எனக்கும் மனதில் அதேதான் இருந்தது. இறைச்சியை நம் வழியில் மசாலா போட்டுக் குழம்பும் கறியுமாக வேகவைத்து, அள்ளி மாவுக்குள் வைத்து மூடிச் சுட்டேன். பார்வைக்கு நன்றாக இருந்தது. மறுநாள் போர்மேனுடையதுக்குப் பக்கத்தில் ராடு ஓவனில் வைத்தேன்.

பதினொரு மணிபோல ஒரு வெல்டர் வந்தான். பாகிஸ்தான் பட்டாணியன். கையில் ராடு.

"பாய், இஸ் மே மசாலா ஹை க்யா?"

ராடில் மசாலா இருக்கிறதா என்று கேட்டான். பற்றவைத்தால் நெருப்பிலிருந்து கறி வாசம் வருகிறதாம். ஓவனைத் திறந்து பார்த்தேன். எங்கள் பாஸ்டி வெடித்துக் குழம்பு கீழ்த்தட்டு ராடுகள் மேல் சொட்டியிருந்தது. ஆவி பறந்தது. போர்மேன் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அந்தத் தட்டு ராடு முழுவதையும் எடுத்துக் குப்பையில் கொட்டினார். பிறகு ஒரு விரலைக் காட்டினார்.

"ஒன் மோர் டைம். கலாஸ்." இன்னொரு தடவை நடந்தால் அதோடு முடிந்தது என்கிறார்.

இப்போது இன்னும் ஒரு தடவை என்று சொன்னவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். ஒருவர் டாக்டர். ஒருவர் போர்மேன்.

அந்த வாரம் மேடம் செய்த மாதிரியே செய்தேன். மாவைப் பிசையவில்லை. கை துறுதுறுத்தது. விட்டுவிட்டேன். ரூமிலும் ஏசி ஒன்று இருந்தது. பழசு, தண்ணீர் சொட்டும். அதற்கு நேர்கீழே, மாப்பிள்ளையின் கட்டிலைத் துடைத்துப் பலகை போட்டுத் தேய்த்தேன். இறைச்சியைப் பச்சையாகவே வைத்தேன். மிளகை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போட்டேன்.

"யாருக்கு எதுன்னு குறி வைக்கணும்," என்றேன். தம்பிக்கு உருளைக்கிழங்கு மட்டும் வைத்துச் செய்திருந்தேன்.

மாப்பிள்ளை முள்கரண்டியை வாங்கி, தன்னுடையதில் மூன்று கோடு இழுத்து நடுவில் ஒரு புள்ளி குத்தினார். எனக்கு அந்தக் குறி தெரியும். அவர் வலையின் மிதப்புக்கட்டைகளில் இருந்த குறி. இப்போது அந்தக் கட்டைகள் வேறு ஒருவரிடம் இருந்தன. தட்டைச் சட்டிக்குள் இறக்கினேன்.

வெந்ததும் ஒன்றை உடைத்துப் பார்த்தோம். இறைச்சி வெந்திருந்தது. கிழங்கும் வெந்திருந்தது. சாறு முழுவதும் கிழங்கில் இறங்கி, ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

"அட, வெந்திட்டே!" என்றான் தம்பி. ஏமாற்றமாக இருந்ததுபோல் சொன்னான்.

அதன்பிறகு மாலையில் சுட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துப்போய் ராடு ஓவனில் வைத்துவிடுவேன். டீ குடிக்க மாப்பிள்ளை இறங்கிவருவார். எடுத்துத் தின்பார். "நல்லாத்தான் இருக்கு மச்சான்," என்பார். கை கழுவிவிட்டுத் தின்பார். ஓரத்தையும் தின்றுவிடுவார். பூனைகள் அவரைக் கவனித்துப் பார்த்துவிட்டுப் போர்மேன் பக்கம் போய்விடும். மாப்பிள்ளை முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு அவர் தானாக ஏணியில் இறங்கி என் கண்டெய்னருக்கு வந்தார். முகம் சாம்பலாக இருந்தது. உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த காலி ராடு டின்னை இழுத்து அதில் வாந்தி எடுத்தார். டின்னைப் பார்த்தேன். சோறு.

"ஏது இது?"

"கூட வேல பாக்குத ஆளு குடுத்தான்."

"எப்பேர்ந்து?"

"தெனமும்தான்."

அதற்குமேல் கேட்க நேரமில்லை. போர்மேன் வந்து நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னாலேயே டைம்கீப்பர் வந்தான். சாரத்தில் ஓர் ஆள் குறைகிறதே, எங்கே என்றான். போர்மேன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ராடு டியூட்டி," என்றார். "வித் மீ."

டைம்கீப்பர் எட்டிப் பார்க்க முயன்றான். போர்மேன் அகலமான ஆள். அவன் போய்விட்டான். போர்மேன் தன் தண்ணீர்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். பஸ் வரும்வரை மாப்பிள்ளை ராடுப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டில் அவரை உட்காரவைத்ததும் தப்புத்தான். வேறு இடமில்லை.

ரூமுக்கு வந்து கேட்டேன்.

"பாஸ்டி பத்தலையா உமக்கு? ரெண்டாப் போடுதேன். சொல்லும்."

"பத்தலன்னு இல்ல மச்சான். வயிறு நெறையத்தான் செய்யுது."

"பின்ன எதுக்குவே அந்தச் சோறு?"

"அது டிபன்லா?"

"எது?"

"நீங்க செய்யுதது. அதத் தின்னா டிபன் தின்ன மாதிரி. மத்தியானம் சாப்பிட வேண்டாமா?"

"போர்மேன் அத மட்டுந்தான திங்காரு? அவருக்கு அதுதான சாப்பாடு?"

"அவருக்குச் சாப்பாடு. நமக்கு?" என்றார். நியாயம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "எல்லாருந் தூக்குச்சட்டியத் தொறந்து உக்காந்திருக்கும்போது நான் மட்டும் சோறு திங்கலன்னா, அன்னைக்குச் சாப்பிடாத மாதிரியே இருக்கு மச்சான். சாயங்காலம் வர அதே நெனப்பா இருக்கு. மேல நின்னா கால் நடுங்குது."

"ஊருக்கு அனுப்பிட்டா நல்லாச் சோறு திங்கலாம்," என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.

கோவில்பட்டித் தம்பி கட்டிலில் படுத்திருந்தான்.

"அப்போ அந்தச் சோமாசிக்குள்ளயே சோத்த வச்சு மூடிக் குடுங்க அண்ணாச்சி. சோலி முடிஞ்சிட்டு," என்றான்.

கேலிக்குத்தான் சொன்னான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அரிசி டின்னைப் பார்த்தேன்.

இறைச்சியும் கிழங்கும் பச்சையாக வைத்து வேகிறதே என்று, அரிசியையும் கழுவிப் பச்சையாகவே ஒரு கைப்பிடி வைத்தேன். வேகவில்லை. ஜல்லி மாதிரி இருந்தது. மாப்பிள்ளை முழுவதையும் மென்று தின்றார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "சோறுதான்," என்றார். பல் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. மறுநாள் அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து, துணியில் பரப்பி, ஏசிக்குக் கீழே ஈரம் போகக் காயவைத்தேன். கிழங்கைக் குறைத்தேன். கீழே இறைச்சி, அதன்மேல் அரிசி, மேலே வெங்காயம். சாறு அரிசியில் இறங்கி மீதி வேக்காடு வந்தது.

போர்மேனிடம் சொல்லாமல் ஓவனில் வைக்கக்கூடாது என்று தோன்றியது. ரைஸ் மாஃபி என்று சொன்ன ஆள். ஒன்றை அவரிடம் கொடுத்து, "சார், இன்சைட் ரைஸ்," என்றேன்.

அவர் கடித்தார். வெகுநேரம் மென்றார். உள்ளே இருந்ததைப் பார்த்தார்.

"தட்ஸ் நாட் எ பாஸ்டி," என்றார்.

"நோ சார்," என்றேன்.

"தட்ஸ் நாட் எனிதிங்."

அவர் இன்னொன்றை எடுத்து ஓவனில் வைத்தார். கதவை மூடிவிட்டு ஒரு சிகரெட் முடியும்வரை நின்றார். பிறகு கதவைத் திறந்து, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தப் பாஸ்டிக்கு மேல் பிடித்தார். கண்ணாடி பனிக்கவில்லை. திருப்பிப் பிடித்தார். பனிக்கவில்லை.

"நோ ஸ்டீம்," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கடித்ததையும் கையோடு கொண்டுபோனார். பூனைக்குப் போட்டாரா தின்றாரா என்று நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு மாப்பிள்ளை டீக்கு இறங்கினால் டீ மட்டும் குடித்தார். பாஸ்டியை மத்தியானம் எடுத்துக்கொண்டு போய், தூக்குச்சட்டி வைத்திருக்கிற ஆட்களோடு உட்கார்ந்து, இரண்டாகப் பிளந்து சோறு தெரிகிற பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். யாராவது சோறு நீட்டினால், "இருக்குல்லா," என்று காட்டினார். அந்த மாதம் சாரத்திலிருந்து வேறு ஆட்களைத் தூக்கி இறக்கினார்கள். அவரை இறக்கவில்லை.

வெயில் இறங்கியதும் செக்கப்புக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். இரண்டு பேருடைய சாப்பாடும் என் பையில் இருந்தது. அங்கிருந்து நேராக சைட்டுக்குப் போக வேண்டும். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். எடை ஏறியிருந்தது.

"கொள்ளாம். சைட்டில் இப்போ என்ன சாப்பிடுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"சோறு சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சோறு வேண்டான்னு நான் சொன்னதா இல்லையா?"

மாப்பிள்ளை முழித்தார். அவர் பொய் சொல்லவில்லை. நான் பையைத் திறந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். மூன்று கோடு போட்டது கையில் வந்தது.

"இது என்ன?"

"இதுக்குள்ளதான் சோறு இருக்கு சார்."

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். குறியைப் பார்த்தார். இரண்டாக உடைத்தார். முகர்ந்து பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து விரலில் வைத்து நசுக்கினார்.

"இது ஆரு உண்டாக்கினது?"

"நான்தான் சார். ராடு ஓவன்ல வச்சிருப்போம். கெடாது."

"ராடு ஓவன்?"

"ஆமா சார். ஸ்டீம் இல்ல."

அவர் வாயில் போட்டுப் பார்த்தார். பாதி போனது. மீதிப் பாதியையும் எடுத்தார். அது முடிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். கையைத் துடைத்துவிட்டு, ஃபிட் என்று எழுதி முத்திரை குத்தினார்.

"இறைச்சி கொள்ளாம். அரிசி வேவு போராது," என்றார். இறைச்சி நன்றாக இருக்கிறது, அரிசிக்குத்தான் வேக்காடு பத்தவில்லை என்கிறார் என்று மாப்பிள்ளைக்குச் சொன்னேன்.

பஸ்ஸில் மாப்பிள்ளை அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, பையின் மேல் கையை வைத்தபடியே வந்தார். பாதி வழியில் கேட்டார்.

"மச்சான், இன்னைக்கு எனக்கு மத்தியானத்துக்கு?"

என்னுடையதைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

"இதுல சோறு கிடக்கா?"

"கிடக்கு."

"அப்ப சரி," என்றார். அதை மடியில் வைத்துக்கொண்டு, "நாளையில இருந்து அரிசிய இன்னும் கொஞ்சம் வேக விடுங்க. டாக்டரே சொல்லுதாருல்லா?" என்றார்.